புலி வந்த நாளில் யாரும் நம்பவில்லை
போர்க்காலச் செய்திகளை வகுப்பறையில் படித்தறிதல்

பத்தாம் வகுப்பு வரலாற்றில் முதல் உலகப் போரை நாம் எல்லோரும் நடத்துகிறோம். போருக்கான காரணங்கள், அணி சேர்ந்த நாடுகள், போரின் போக்கு, பாரிஸ் அமைதி மாநாடு என்று பாடம் நகரும். தேர்வுக்கு வேண்டியவை அவை. ஆனால் ஒரு கேள்வியை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. போர்முனைக்குப் போகாத கோடிக்கணக்கான மக்கள், அங்கே என்ன நடக்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொண்டார்கள்? தெரிந்துகொண்டது உண்மையா என்று எப்படி முடிவு செய்தார்கள்?

நான் கிராமப்புற அரசுப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் ஆசிரியர். 2025 மே மாதம் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் மோதல் நடந்த நாள்களில் பழைய காணொலிகளும், கணினி விளையாட்டுக் காட்சிகளும்கூட, போர்க் காட்சிகள் என்ற பெயரில் கைப்பேசிகளில் பரவின. பள்ளி திறந்ததும் மாணவர்கள் அவற்றைப் பற்றித்தான் பேசிக்கொண்டார்கள். எது மெய், எது பொய் என்பதைவிட, “நம்ம ஆளுங்க போட்டது”, “அவங்க ஆளுங்க போட்டது” என்பதே அவர்கள் பேச்சில் அளவுகோலாக இருந்தது. இந்த அளவுகோல் நூறாண்டுப் பழையது. அதைப் பாடத்தின் வழியாகவே காட்டலாம் என்று எண்ணி, முதல் உலகப் போர்ப் பாடத்தோடு இணைத்து நான்கு பாடவேளைகளுக்கு ஒரு திட்டம் வகுத்தேன். இரண்டு ஆண்டுகளாக நடத்திவரும் அத்திட்டத்தையும், அதற்கு ஆசிரியருக்குத் தேவையான பின்னணியையும் இங்கே பகிர்கிறேன். தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கான பகுதி இறுதியில் உள்ளது.

ஒரே செய்தித்தாள், இரண்டு பக்கங்கள்

1914 ஆகஸ்ட் 4 அன்று பிரிட்டன் போரில் இறங்கியது. நான்கு நாள்களில் நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. செய்திகளைத் தணிக்கை செய்யத் தனி அலுவலகம் திறக்கப்பட்டது. போர் அமைச்சர் கிச்சனர், செய்தியாளர்களைப் போர்முனைக்கு விடவே விரும்பவில்லை. 1915இல்தான் ஐந்து செய்தியாளர்களுக்கு முறையான அனுமதி கிடைத்தது. அவர்கள் இராணுவச் சீருடை அணிந்து, இராணுவ அதிகாரிகளோடு சென்று, தணிக்கைக்குப் பின்னரே எழுதினர். வானொலி ஒலிபரப்பு அன்று இல்லை. எனவே மக்களுக்குப் போர் என்பது செய்தித்தாளில் வந்த போர்தான்.

1916 ஜூலை 1. பிரான்சின் சோம் ஆற்றுப் பகுதியில் பிரிட்டிஷ் படை பெருந்தாக்குதலைத் தொடங்கியது. அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் 19,240 பேர் இறந்தனர். காயமுற்றோரையும் காணாமற்போனோரையும் சேர்த்தால் இழப்பு 57,470. ஆனால் அடுத்த நாள்களின் செய்திகள், எல்லாம் நன்றாகவே நடக்கிறது என்ற தொனியில் இருந்தன. பின்வந்த வாரங்களில், அதே செய்தித்தாள்களின் இன்னொரு பக்கத்தில், இறந்தவர், காயமுற்றவர் பெயர்கள் பத்தி பத்தியாக வெளிவந்தன.

இங்கிலாந்தின் வடபகுதியில் அக்ரிங்டன் என்ற சிறு நகரம். அந்நகரத்தாரும் சுற்றுவட்டாரத்தாரும் ஒரே படைப்பிரிவில் சேர்ந்திருந்தனர். ஜூலை 1 அன்று தாக்குதலில் இறங்கிய அவர்களுள் சுமார் 700 பேரில் 584 பேர் இறந்தனர் அல்லது காயமுற்றனர். செய்தித்தாள் எதையும் தெளிவாகச் சொல்லவில்லை. ஊரில் வதந்தி பரவியது. மக்கள் நகரத் தலைவரின் வீட்டைச் சூழ்ந்துகொண்டு உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டனர். உண்மை தாமதமானால் அந்த இடத்தை வதந்தி பிடித்துக்கொள்ளும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

டெய்லி மெயில் இதழுக்குச் சோம் போர்முனையிலிருந்து எழுதிய பீச் தாமஸ், தாம் எழுதியவற்றுக்காக வெட்கப்படுவதாகப் போருக்குப் பின் தம் நினைவுநூலில் பதிவு செய்தார். விடுப்பில் ஊர் திரும்பிய படைவீரர்களுக்கோ அந்த உண்மை அன்றே தெரியும். தாங்கள் கண்டதும் வீட்டில் படித்ததும் வேறு வேறாக இருந்ததை அவர்கள் மறக்கவில்லை.

செய்தி உண்மை, நோக்கம் வேறு

தணிக்கை மட்டுமே காரணம் என்று பாடத்தை முடித்துவிட்டால் பாதிதான் சொன்னதாகும். பத்திரிகைகளுக்குக் கட்சிச் சார்பும் இருந்தது. அன்றைய பிரிட்டனில் மிகுந்த செல்வாக்குள்ள பத்திரிகை முதலாளி நார்த்கிளிஃப் பிரபு. தி டைம்ஸ், டெய்லி மெயில் இரண்டும் அவருடையவை. ஆட்சியில் இருந்தது அஸ்க்வித் தலைமையிலான லிபரல் கட்சி. அவ்வாட்சியின் போர் நிர்வாகத்தை நார்த்கிளிஃப் கடுமையாக எதிர்த்தார்.

1915 மே 14 அன்று தி டைம்ஸ், போர்முனையில் பீரங்கிக் குண்டுகளுக்குத் தட்டுப்பாடு என்ற செய்தியை வெளியிட்டது. ஒரு வாரம் கழித்து டெய்லி மெயில், கிச்சனரையே பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டியது. கிச்சனர் மக்களால் பெரிதும் போற்றப்பட்ட தளபதி. கொதித்தெழுந்தவர்கள் இலண்டன் பங்குச் சந்தையில் டெய்லி மெயில் பிரதிகளைக் குவித்துக் கொளுத்தினர். விற்பனையும் சரிந்தது. அதே மாத இறுதியில் லிபரல் ஆட்சி கூட்டணி ஆட்சியாக மாறியது. கடற்படைத் தலைவர் ஃபிஷர் பதவி விலகியதும் இதற்கு ஒரு காரணம். வெடிபொருள்களுக்கெனத் தனி அமைச்சகம் உருவாகி, லாயிட் ஜார்ஜ் அதன் அமைச்சரானார்.

இந்த நிகழ்ச்சியில் மாணவர்களிடம் நான் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்பேன். ஒன்று: நார்த்கிளிஃபுக்கு அரசியல் நோக்கம் இருந்ததா? இருந்தது. இரண்டு: குண்டுத் தட்டுப்பாடு உண்மையா? உண்மை. செய்தித்தாளைக் கொளுத்தியவர்கள் முதல் கேள்விக்கான விடையை வைத்து இரண்டாம் கேள்வியையும் முடித்துவிட்டார்கள். ‘யார் பக்கம்’ என்பதும் ‘உண்மையா’ என்பதும் வேறு வேறு கேள்விகள் என்பதே இந்த நான்கு பாடவேளைகளின் சாரம். யார் வாயிலிருந்து வந்தாலும் சொல்லப்பட்ட பொருளின் உண்மையைக் காண வேண்டும் என்று அறிவுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் சொல்வதைத் தமிழ் வகுப்பில் மாணவர்கள் படித்திருக்கிறார்கள். அக்குறளை இங்கே அவர்களையே சொல்ல வைக்கலாம்.

கதை அத்தோடு முடியவில்லை. 1918இல் அதே நார்த்கிளிஃப் எதிரி நாடுகளில் பரப்புரை செய்யும் பிரிவின் தலைவரானார். டெய்லி எக்ஸ்பிரஸ் உரிமையாளர் பீவர்புரூக் தகவல் அமைச்சரானார். அரசைக் கண்காணிக்க வேண்டிய பத்திரிகையின் முதலாளியே அரசின் குரலானால், படிப்பவர் எதை நம்புவார்?

உண்மையோடு கலந்த பொய்

ஜெர்மானியப் படை 1914இல் பெல்ஜியத்துக்குள் நுழைந்தபோது பொதுமக்களைக் கொன்றது உண்மை. தினான் நகரில் ஆகஸ்ட் 23ஆம் நாளையொட்டி 674 பேர் கொல்லப்பட்டனர். லூவென் நகரின் பல்கலைக்கழக நூலகம் எரிக்கப்பட்டது. பெல்ஜியத்திலும் பிரான்சிலுமாகச் சுமார் 6,500 பொதுமக்கள் இவ்வாறு கொல்லப்பட்டதாக வரலாற்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர்.

இவ்வளவு கொடுமை போதாதென்று கதைகளும் சேர்க்கப்பட்டன. பிரைஸ் பிரபு தலைமையிலான குழு 1915 மே மாதம் ஓர் அறிக்கை வெளியிட்டது. சுமார் 1,200 வாக்குமூலங்களின் அடிப்படையில் அமைந்தது அது. பெரும்பாலானவை அகதிகளாக வந்தோரின் சொற்கள். சாட்சிகளிடம் உறுதிமொழி வாங்கப்படவில்லை. குழு உறுப்பினர்கள் சாட்சிகளை நேரில் விசாரிக்கவும் இல்லை. நடந்தவையும் கேள்விப்பட்டவையும் அதில் கலந்தே இருந்தன. பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு அந்த அறிக்கை உலகெங்கும் சென்றது.

1917 ஏப்ரலில் இன்னொரு செய்தி வந்தது. ஜெர்மானியர் தம் படைவீரர்களின் பிணங்களைக் காய்ச்சிக் கொழுப்பு எடுக்கும் தொழிற்சாலை நடத்துகிறார்கள் என்பது அது. தி டைம்ஸ், டெய்லி மெயில் இரண்டும் வெளியிட்டன. வழக்கில் விலங்கின் பிணத்தைக் குறிக்கும் ஒரு ஜெர்மன் சொல்லை மனிதப் பிணம் என்று பெயர்த்ததும் அக்கதைக்குத் தீனியானது. 1925இல் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஆஸ்டின் சேம்பர்லின், அக்கதைக்கு அடிப்படை இல்லை என்ற ஜெர்மனியின் மறுப்பை நாடாளுமன்றத்தில் ஏற்றுக்கொண்டார். 1928இல் ஆர்தர் பொன்சன்பி என்ற நாடாளுமன்ற உறுப்பினர், போர்க்காலப் பொய்களைத் தொகுத்து ஒரு நூலே வெளியிட்டார். அந்நூலும் சில இடங்களில் சோதிக்கப்படாத கதைகளை எடுத்தாண்டிருந்தது என்பதைப் பின்வந்த ஆய்வாளர்கள் காட்டினர். மறுப்பவருக்கும் ஒரு பக்கம் இருக்கலாம். மறுப்பையும் சோதிக்க வேண்டும்.

இதன் விளைவு என்ன? போரின்போது எல்லாவற்றையும் நம்பியவர்கள், போருக்குப் பின் எதையும் நம்பாதவர்கள் ஆனார்கள். தினானில் கொல்லப்பட்ட 674 பேரும் பிணத் தொழிற்சாலைக் கதையோடு சேர்த்துத் ‘வெறும் பரப்புரை’ என்று ஒதுக்கப்பட்டனர்.

புலி வந்த நாள்

‘புலி வருது, புலி வருது’ கதை நம் பிள்ளைகள் அனைவரும் அறிந்தது. அடுத்த உலகப் போரில் புலி உண்மையாகவே வந்தது.

1942 ஜூன் 25 அன்று இலண்டனின் டெய்லி டெலிகிராஃப், போலந்தில் 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் கொல்லப்பட்டதாகச் செய்தி வெளியிட்டது. போலந்திலிருந்து மறைவாகக் கொண்டுவரப்பட்ட அறிக்கையின் அடிப்படையில் அமைந்த செய்தி அது. அச்சானது ஐந்தாம் பக்கத்தில். அதே ஆண்டு டிசம்பர் 17 அன்று நேச நாடுகள் இக்கொலைகளைக் கண்டித்துக் கூட்டறிக்கை வெளியிட்டன. அமைச்சர் ஈடன் அதைப் படித்ததும் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் எழுந்து நின்று அமைதி காத்தது.

ஆனாலும் நம்பிக்கை முழுமையாக வரவில்லை. 1943 ஜனவரியில் அமெரிக்காவில் கேலப் நிறுவனம் மக்களிடம் கேட்டது: 20 இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டதாகச் சொல்கிறார்களே, அது உண்மையா, வதந்தியா? உண்மை என்றோர் 47 விழுக்காடு. வதந்தி என்றோர் 29 விழுக்காடு. கருத்துச் சொல்லாதோர் 24 விழுக்காடு. நம்பாததற்குக் காரணங்கள் பல. யூதர் மீதான வெறுப்பு ஒன்று. மனம் ஏற்க மறுக்கும் அளவுக்குக் கொடுமை பெரியதாக இருந்தது இன்னொன்று. சென்ற போரில் கேட்ட பொய்களின் நினைவும் அவற்றோடு சேர்ந்து நின்றது.

1945 ஏப்ரல் 12 அன்று ஜெர்மனியின் ஓர்ட்ருஃப் முகாமைப் பார்வையிட்ட தளபதி ஐசனோவர், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களையும் பத்திரிகை ஆசிரியர்களையும் உடனே வரவழைத்து நேரில் காணச் செய்தார். நாளை யாரும் இதைப் பரப்புரை என்று தள்ளிவிடக் கூடாது என்பது அவர் கவலை. பெர்கன்-பெல்சன் முகாமிலிருந்து ரிச்சர்ட் டிம்பிள்பி அனுப்பிய வானொலிச் செய்தியை ஒலிபரப்ப அவருடைய பிபிசி நிறுவனமே முதலில் தயங்கியது. தன் சொந்தச் செய்தியாளர் கண்ணால் கண்டதையே நம்பத் தயங்கும் நிலை. பொய்யால் சம்பாதித்த அவநம்பிக்கை, உண்மையின் தலையில் வந்து விழுகிறது.

இது பிரிட்டனோடும் அந்தக் காலத்தோடும் முடிந்த கதையன்று. 2003இல் ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகச் சொல்லி அமெரிக்கா படையெடுத்தது. அரசின் கூற்றைச் சோதித்து ஐயம் எழுப்பிய நைட் ரிட்டர் போன்ற செய்தி நிறுவனங்கள் சிலவே. ஆயுதங்கள் கிடைக்கவில்லை. 2004 மே 26 அன்று தி நியூயார்க் டைம்ஸ், தன் செய்திகள் சிலவற்றில் போதிய சோதனை இல்லை என்று தானே எழுதி வெளியிட்டது. ஊடகங்கள் மீது ஓரளவேனும் நம்பிக்கை உள்ளதாகக் கேலப் ஆய்வில் சொன்ன அமெரிக்கர் 2003இல் 54 விழுக்காடு, 2004இல் 44 விழுக்காடு. ஒரு போர் மட்டும் இச்சரிவுக்குக் காரணம் என்று சொல்ல முடியாது. அது தேர்தல் ஆண்டும்கூட. 2016இல் மொத்த நம்பிக்கை 32 விழுக்காடு. அதைக் கட்சிவாரியாகப் பிரித்தால், ஜனநாயகக் கட்சியினரிடம் 51, குடியரசுக் கட்சியினரிடம் 14. ஒரே நாட்டின் ஊடகங்களை மக்கள் இரண்டு வேறு கண்ணாடிகள் வழியாகப் பார்க்கிறார்கள்.

வகுப்பறையில் நான்கு பாடவேளைகள்

*முதல் பாடவேளை: இரண்டு துண்டுச் சீட்டுகள்.* ஒரு சீட்டில் ‘தாக்குதல் திட்டப்படி நடக்கிறது’ என்ற பொருளில் ஒரு செய்தி. மற்றொன்றில் ஒரே தெருவைச் சேர்ந்த ஆறு இறந்தோர் பெயர்ப் பட்டியல். இரண்டும் நான் தமிழில் மாதிரியாக எழுதியவை என்பதை மாணவரிடம் முன்பே சொல்லிவிடுவேன். போலி ஆவணத்தை உண்மை ஆவணமாகக் காட்டிப் பொய்யைப் பற்றிய பாடம் நடத்தக் கூடாது. அந்தத் தெருவில் வாழும் ஒருவராக, ‘இன்று எதை நம்பினேன்? ஏன்?’ என்று ஐந்து வரி எழுதச் சொல்வேன். அதன் பிறகே சோம், அக்ரிங்டன் விவரங்களைச் சொல்வேன். எண்களைவிட அந்தத் தெருதான் மாணவர் மனத்தில் நிற்கிறது.

*இரண்டாம் பாடவேளை: பெயரை மாற்றினால்?* கற்பனையான இரண்டு நாடுகளுக்கு இடையே போர். ‘எதிரியின் ஐந்து படகுகளை மூழ்கடித்தோம்’ என்பது செய்தி. வகுப்பில் ஒரு பாதிக்கு, “நீங்கள் இந்நாட்டின் குடிமக்கள், இது உங்கள் படை சொன்னது” என்று சொல்லிச் சீட்டைத் தருவேன். மறு பாதிக்கு, “இது உங்கள் எதிரி சொன்னது” என்று சொல்லித் தருவேன். எவ்வளவு நம்பலாம் என்று ஐந்துக்கு மதிப்பெண் இட வேண்டும். இரு பாதிகளின் மதிப்பெண்களையும் கரும்பலகையில் எழுதிய பின் இரண்டு சீட்டுகளையும் படிக்கச் செய்வேன். செய்தி ஒன்றே, சான்று ஏதும் இரண்டிலும் இல்லை என்று தெரியும்போது வகுப்பில் முதலில் சிரிப்பு எழும், பிறகு அமைதி. முந்தைய ஆண்டு ஒரு மாணவி, “கபடியில எங்க ஹவுஸ் பாயிண்ட்டுனு ரெஃப்ரி சொன்னா கரெக்ட், அவங்க ஹவுஸ் பாயிண்ட்டுனா தப்பும்போம், அது மாதிரி சார்” என்றாள். கட்சிச் சார்பு என்பதற்கு இதைவிட எளிய விளக்கத்தை நான் தர முடியாது. இதைத் தொடர்ந்து பீரங்கிக் குண்டுத் தட்டுப்பாட்டு நிகழ்ச்சியை நடத்தலாம்.

*மூன்றாம் பாடவேளை: மூன்று பெட்டிகள்.* ‘சான்று உண்டு’, ‘சான்று போதாது’, ‘பொய் எனத் தெரிந்தது’ என்று மூன்று பெட்டிகள். தினான் கொலைகள், லூவென் நூலகம், பிரைஸ் அறிக்கையின் வாக்குமூலங்கள், பிணத் தொழிற்சாலை எனச் செய்தி அட்டைகள். குழுக்கள் ஆசிரியர் தரும் விவரத் தாளைப் படித்து அட்டைகளைப் பிரித்துப் போட வேண்டும். ஒவ்வோர் அட்டைக்கும் நான்கு கேள்விகள்:

1. சொன்னவர் யார்? நேரில் கண்டவரா, கேள்விப்பட்டவரா?
2. அவருக்கு எப்படித் தெரியும்? ஆவணம், படம், பெயர்ப் பட்டியல் ஏதேனும் உண்டா?
3. இச்செய்தியால் யாருக்குப் பயன்?
4. தொடர்பில்லாத வேறொருவரும் இதையே சொல்கிறாரா?

மூன்றாம் கேள்வி நோக்கத்தைப் பற்றியது. மற்ற மூன்றும் உண்மையைப் பற்றியவை. மூன்றாவதற்கு மட்டும் விடை கண்டுவிட்டு நிறுத்தும் குழுவை, மற்ற மூன்றுக்கும் திருப்பி அனுப்ப வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி தவறாமல் எழும். “அப்ப பேப்பர்ல வர்றது எல்லாமே பொய்தானா சார்?” இதற்காகத்தான் மூன்று பெட்டிகள். எல்லாம் பொய் என்று சொல்வது அறிவுக்கூர்மை போலத் தோன்றும்; உண்மையில் அது சோம்பல். எல்லாவற்றையும் நம்புபவரும் சோதிப்பதில்லை, எதையும் நம்பாதவரும் சோதிப்பதில்லை. இதைச் சொல்லிவிட்டு, 1943ஆம் ஆண்டுக் கருத்தாய்வின் மூன்று எண்களையும் பலகையில் எழுதுவேன். அந்த 29 விழுக்காட்டினர் எல்லாம் அறிந்தவர்கள் போலத்தான் தங்களை எண்ணியிருப்பார்கள்.

*நான்காம் பாடவேளை: எம்டன்.* முந்தைய நாளே வீட்டுப்பாடம்: ‘அவன் பெரிய எம்டன்’ என்றால் என்ன பொருள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வர வேண்டும். 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியது. பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றின. அடுத்து வந்த நாள்களில் ஆயிரக்கணக்கானோர் நகரை விட்டு வெளியேறினர். அன்று இங்கே 1910ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டம் நடப்பில் இருந்தது. அச்சட்டத்தின்படி அன்னி பெசன்ட் அம்மையாரின் நியூ இந்தியா இதழ் கட்டிய பிணைத்தொகை 1916இல் பறிமுதல் செய்யப்பட்டது. அச்சில் வர முடியாததை மக்கள் எங்கே பேசியிருப்பார்கள் என்று கேட்டால், “டீக்கடையில”, “கோயில் வாசல்ல”, “சந்தையில” என்று விடைகள் வரும்.

அடுத்து, அதே நான்கு கேள்விகளை நமக்குப் பிடித்த ஒரு செய்தியின் மீது வைக்கிறேன். விடுதலை வீரர் செண்பகராமன் எம்டன் கப்பலில் வந்தார் என்று மேடைகளிலும் நூல்களிலும் கேட்டிருக்கிறோம். எம்டன், சீனக் கடற்கரையில் உள்ள சிங்தாவ் துறைமுகத்திலிருந்து 1914 ஆகஸ்டில் புறப்பட்டது. செண்பகராமன் அந்த ஆண்டு சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இந்திய ஆதரவுக் குழு அமைத்துப் பணியாற்றி, பின்னர் பெர்லின் சென்றார். உலகப்படத்தில் சூரிச்சையும் சிங்தாவையும் மாணவர்களே குறித்துப் பார்க்கட்டும். அவருடைய தியாகத்துக்கு இந்தக் கப்பல் கதை தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எதிரி சொன்னதைச் சோதிப்பது எளிது. நம்மவரைப் பற்றி நாம் கேட்க விரும்புவதைச் சோதிப்பதே பயிற்சி.

கணித ஆசிரியரோடு இணைந்து, மேலே தந்த கேலப் எண்களைப் பட்டை விளக்கப்படமாக வரையச் செய்யலாம். மொத்தம் 32 என்ற ஓர் எண்ணுக்குள் 51உம் 14உம் மறைந்திருப்பதை எட்டாம் வகுப்பு மாணவரும் புரிந்துகொள்வர்.

தொடக்க வகுப்புகளுக்கு

சிறு குழந்தைகளிடம் போர்க் கொடுமைகளைப் பேச வேண்டியதில்லை. ‘புலி வருது’ கதையே போதும். வழக்கமாக அக்கதையைப் ‘பொய் சொல்லாதே’ என்று முடிக்கிறோம். அங்கே நிறுத்தாமல், ‘மூன்றாம் முறை ஊரார் என்ன செய்திருக்கலாம்?’ என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில், ஆசிரியர் இதைக் கேட்டபோது மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று சொன்ன விடை: “ஒருத்தர மட்டும் மரத்துல ஏறிப் பாக்கச் சொல்லலாம் டீச்சர்.” நல்ல செய்தியாளரின் வேலையை அக்குழந்தை ஒரே வரியில் சொல்லிவிட்டது. எல்லோரும் ஓடவும் வேண்டாம், எல்லோரும் உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். ஒருவர் போய்ப் பார்த்து வந்து சொல்ல வேண்டும். ‘நான் பார்த்தேன்’, ‘நான் கேட்டேன்’, ‘நான் நினைக்கிறேன்’ என்ற மூன்று தொடர்களில் ஒன்றைக் கொண்டே ஒவ்வொரு பேச்சையும் தொடங்கும் விளையாட்டை நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் நடத்தலாம். தமிழ்ப் பாடத்துக்கும் அது பயன்படும்.

ஆசிரியர் கவனத்துக்கு

இப்பாடத்தில் கவனம் வேண்டிய இடங்கள் சில உண்டு. முதலாவது, இன்றைய கட்சிகளையோ உள்ளூர் நாளிதழ்களையோ எடுத்துக்காட்டாகக் கொள்ள வேண்டாம். ஒரே பெஞ்சில் இரண்டு கட்சிக் குடும்பங்களின் பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்கள். நூறாண்டுக்கு முந்தைய பிரிட்டனை வைத்து நடத்தினால் யார் மனமும் புண்படாது. கேள்விகளை இன்றைய செய்திக்குப் பொருத்துவதை மாணவர்களே பின்னர் செய்துகொள்வார்கள்.

இரண்டாவது, “எங்கப்பா அந்தப் பேப்பரையே தொட மாட்டாரு, எல்லாம் பொய்ம்பாரு” என்று மாணவர் சொன்னால் அப்பாவைத் திருத்த முயல வேண்டாம். “சரிப்பா, அதில் வந்த ஒரே ஒரு செய்தியை எடு. நம்முடைய நான்கு கேள்வியையும் கேட்டுப் பார்” என்றால் போதும். தந்தையின் மரியாதையும் கெடாது, கேள்வியும் நிற்கும்.

மூன்றாவது, ஆசிரியரின் சார்பு. நம் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் உண்டு. வாக்குச் சாவடியில் அது நம் உரிமை. வகுப்பறையில் நாம் எந்தப் பக்கம் என்று மாணவர் ஊகிக்க முடியாதபடி நடத்துவது நம் கடமை. நாம் சொல்லும் விவரங்களுக்கும் “உங்களுக்கு எப்படித் தெரியும் சார்?” என்று மாணவர் கேட்கலாம் என்று அனுமதியுங்கள். கேட்டால், நூலைக் காட்டுங்கள்.

மதிப்பீட்டுக்கு எழுத்துத் தேர்வு தேவையில்லை. வளரறி மதிப்பீட்டில் ஒரு செயல்பாடாக, ஒரு செய்தியை நான்கு கேள்விகளால் சோதித்து ஒரு பக்கம் எழுதச் சொல்லலாம். ‘நம்பலாம்’, ‘நம்ப வேண்டாம்’, ‘இப்போது சொல்ல முடியாது’ என்ற மூன்று முடிவுகளில் எதற்கும், காரணம் சரியாக இருந்தால், முழு மதிப்பெண் உண்டு. மூன்றாம் முடிவை எழுதத் துணியும் மாணவருக்கு என் கை கொஞ்சம் தாராளமாகவே நீளும்.

இந்த ஆண்டு இத்திட்டத்தை நடத்திப் பார்க்கும் ஆசிரியர்கள், உங்கள் வகுப்பில் மூன்று பெட்டிகளில் எந்தப் பெட்டி முதலில் நிரம்பியது என்று குறித்து வையுங்கள். என் வகுப்பில் முதல் நாள் ‘பொய்’ பெட்டிதான் நிரம்பியது. விவரத் தாளைப் படித்து, நான்கு கேள்விகளையும் கேட்ட பின், பாதி அட்டைகள் அங்கிருந்து இடம் மாறின.